அத்தை வேலை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் எனக்கு உறவுக்காரப் பெண்கள் ஏகப்பட்ட பேர். ஒருத்திக்கு நான் சித்தி, ஒருத்திக்குப் பெரியம்மா, மற்ற எல்லாருக்கும் அத்தை. இவர்களில் யாருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று சொல்லிவைத்தவர்கள் இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணமாவது ஆயிரத்தோடு முடிந்துவிடும்.

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு முடிந்து வெளியே வருகிற பெண்களுக்கு வேலையும் தங்க இடமும் தேடிக்கொடுக்கிற சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இதற்குத் தமிழில் பின்பராமரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொன்னால், வண்டி சர்வீஸா என்று கேட்கிறார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு நேரே ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, வீடு அரசாங்கம் கொடுத்தது. வீட்டுக்காரர் என்கிற பிறவியை இந்த வேலைக்கு வந்தபிறகுதான் பார்த்தேன்.

அவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எத்தனை பேர், இன்னா ஆளுங்க, கவிச்சி சாப்பிடுவீங்களா, தண்ணி நெறைய செலவு பண்ணுவீங்களா. இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். கடைசியாக ஒரு கேள்வி வரும்: "பெரியவங்க யாரு?" இங்கே வீடு வாடகைக்கு எடுக்க, வேலைக்குச் சேர, ஆஸ்பத்திரியில் படுக்க, அடுத்த வீட்டோடு சண்டை போட, எல்லாவற்றுக்கும் பெரியவங்க வேண்டும். ஏதாவது ஒன்று என்றால் வந்து நின்று கேட்பதற்கு ஓர் ஆள். அது இல்லாத பெண்ணுக்கு எவ்வளவு சம்பளம் வந்தாலும் வீடு கிடையாது. அதனால்தான் நான் அத்தையானேன். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் கதவைச் சாத்துகிறவர்கள், அத்தை என்று சொன்னால் நாற்காலி போடுகிறார்கள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மற்றவர்களில் பலர் நன்றாக இருக்கிறார்கள், சிலர் இல்லை. இவள் எதில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எங்கள் ஆபீஸில் கேட்டால் நன்றாக இருக்கிறவர்களில் சேர்த்துவிட்டார்கள்.

சின்னக் குழந்தையாக இருக்கும்போது அவளைப் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் யாரோ உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து இல்லம். பதினெட்டு முடிந்ததும் கேக் வெட்டி, ஒரு சூட்கேஸைக் கையில் கொடுத்து எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு வீடு வைத்திருக்கிறோம். வெளியே வருகிற பெண்கள் நாலைந்து பேர் சில மாதம் அங்கே தங்கி, தனியாக வாழ்வதற்குப் பழகுவார்கள். சிலிண்டர் மாற்றுவது, பேங்குக்குப் போவது, பஸ்ஸில் உரசுகிறவனை என்ன செய்வது, அரிசி எவ்வளவு போட்டால் ஒருத்திக்குச் சரியாக இருக்கும் என்பது வரை. இல்லத்துச் சமையலறையில் பழகியவர்கள் முதல் வாரம் சமைத்தால் அடுத்த தெருவுக்கும் கொடுத்துவரலாம்.

அவளும் அப்படித்தான் வந்தாள். அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது.

"மேடம், தண்ணி குடிக்கட்டுமா?"

"குடி. இதையெல்லாம் கேக்கக் கூடாது."

"சரி மேடம்." கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், கேக்காம பாத்ரூம் போவட்டுமா?"

மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இல்லத்தில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளிடமும் இது கொஞ்சம் இருக்கும், வந்த சில நாளில் உதிர்ந்துவிடும். இவளிடம் உதிரவில்லை. விளக்கை அணைக்கட்டுமா, தலை வாரிக்கட்டுமா, படுக்கட்டுமா. யாராவது "உம்" என்று சொல்லாவிட்டால் அவள் கை நகராது. நான் இல்லத்தைக் குறை சொல்லமாட்டேன். அத்தனை பிள்ளைகளை இரண்டு ஆயாக்களை வைத்துக்கொண்டு மேய்க்கிற இடத்தில் ஒவ்வொன்றும் கேட்காமல் எழுந்து போனால், சாயங்காலம் எந்தப் பிள்ளை எங்கே என்று தெரியாது. அங்கே அந்தக் கேள்வி வேலி மாதிரி. வேலியை இவள் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதை நிறுத்த நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்கத் தேவையில்லாததை யார் கேட்கிறார்களோ அன்றைக்கு எல்லாப் பாத்திரமும் அவள்தான் துலக்க வேண்டும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அவள் அண்ணனூரில் இருந்த வரைக்கும் தினமும் அவள்தான் துலக்கினாள், சந்தோஷமாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. துலக்கி முடித்து "மேடம், கவுத்துடட்டுமா?" என்று வேறு கேட்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்குக் கான்ட்ராக்டில் வேலை கிடைத்தது. கம்பெனி ஹாஸ்டலும் உண்டு. அவள் ஹாஸ்டலுக்கே போகிறேன் என்றாள். நான்தான் கூடாது என்றேன். இன்னொரு மணி, இன்னொரு வார்டன், இன்னொரு வரிசை. அதற்கு எதற்கு இவளை இல்லத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும்? அவளுக்கென்று ஒரு கதவு வேண்டும், அதற்கு உள்தாழ்ப்பாள் வேண்டும், சாவி அவள் கையில் இருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் அவள் ஒரு நாளை முழுசாக ஓட்டிவிட்டால் போதும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவளுக்கும் அதுதான் வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

கம்பெனி பஸ் நசரத்பேட்டையில் நிற்கும் என்பதால் அங்கே தேடினோம். பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் ஒரு வீடு. அவர்கள் அந்த ஊர்க்காரர்கள், விவசாயக் குடும்பம். நிலம் ரோட்டுக்கும் பிளாட்டுக்கும் போனபிறகு, மிச்சமிருந்த இடத்தில் வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்னால் கொட்டகையில் எருமைகள் நின்றன. வீட்டுக்காரம்மாவுக்கு என் வயது இருக்கும். கை நிறையச் சாணியோடு வந்து நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணுக்கு நீங்க இன்னா வேணும்?"

"அத்தை."

"அம்மா அப்பா?"

"இல்லங்க. எல்லாம் நான்தான்."

"அத்தைக்காரி கீறீங்க, உங்க ஊட்லயே வெச்சிக்கலாமே?"

"குவார்ட்டர்ஸ்ல எடம் பத்தாதும்மா. கம்பெனி பஸ்ஸும் அந்தப் பக்கம் வராது."

அவர் சாணிக் கையை உதறிக்கொண்டார். "சரி. ஆம்பளப் பசங்க யாரும் வந்து போவக் கூடாது. நீங்க அப்பப்ப வந்து தலையக் காட்டிகினு இருக்கணும்."

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். வீட்டுக்காரம்மா வாசற்படியில் வந்து நின்றார். பெண் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "அக்கா, அடுப்பு பத்த வெக்கட்டுமா?" என்றாள். நான் முறைத்தேன். "உன் ஊடு, நீ பத்த வெச்சிக்கோ, என்ன இன்னாத்துக்குக் கேக்குற?" என்று அவர் சொன்னார். சொன்னாரே தவிர முகம் பூரித்துப்போயிற்று. அந்தக் காலத்திலும் சரி, இந்தக் காலத்திலும் சரி, வாடகைக்காரர்கள் யாரும் வீட்டுக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. பக்கெட் வாங்கினாள், கண்ணாடி வாங்கினாள், ஜன்னலுக்கு மயில் போட்ட திரைச்சீலை வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவார்ட்டர்ஸில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திறந்தால் அவள் நிற்கிறாள். கையில் அல்வாப் பொட்டலம். நசரத்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், எனக்கு ஒரு போன்கூடச் செய்யாமல். வரட்டுமா என்று கேட்காமல் வந்திருக்கிறாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் என் மகன் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட வந்ததில்லை. "ஒரு அல்வாவுக்கு இப்படியா?" என்றார் என் கணவர். அல்வாவுக்கு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஏதோ புகார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"தங்கமான பொண்ணுமா உங்க பொண்ணு. துணி காயப் போடட்டுமா, கடைக்குப் போவட்டுமா, தலைக்கு ஊத்திக்கட்டுமான்னு எல்லாம் என்னக் கேட்டுகினுதான் செய்யுது. நான் பெத்ததுகூட என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல."

போனை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். "சரி மேடம், இனிமே கேக்கமாட்டேன் மேடம்" என்றாள். சும்மா இருந்தவளை நான் திட்டியது மாதிரி இருந்தது அவள் குரல்.

கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போகட்டுமா என்று கேட்டால் போகாதே என்றும் பதில் வரலாம். ஒரு நாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது "அக்கா, வேலைக்குப் போவட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரம்மா வேடிக்கையாக, "வேணாம், இன்னிக்கு என்கூட இரு, மிளகாய் காயப் போடணும்" என்றிருக்கிறார். அவள் பையைக் கழற்றி மாட்டிவிட்டு மிளகாய் காயப் போட உட்கார்ந்துவிட்டாள். இதை வீட்டுக்காரம்மாவே பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது ஒரு அதிசயம்.

அன்றைக்குத்தான் அவர் அவளை உட்காரவைத்து விசாரித்திருக்கிறார். எங்கடி கத்துகின இதெல்லாம், உங்க அத்தை இவ்வளோ கண்டிஷனா என்று. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பேருந்து நிலையம், இல்லம், அண்ணனூர், நான் யார் என்பது வரை. பொய் சொல்லக் கூடாது என்று இல்லத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்காரம்மா எனக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னார். நான் ஒரு சண்டைக்குத் தயாராகித்தான் போனேன். காலி பண்ணச் சொன்னால் என்ன பேசுவது, எவ்வளவு அவகாசம் கேட்பது, பொருள்களை எங்கே கொண்டுபோய் வைப்பது எல்லாம் பஸ்ஸிலேயே யோசித்துவைத்திருந்தேன். அவர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"இன்னாத்துக்கும்மா பொய் சொன்னீங்க? யாரும் இல்லாத பொண்ணுன்னா நான் தொரத்தி உட்ருவேன்னு நெனச்சீங்களா? பொம்பளப் புள்ள, எங்க போவும்? ஊரார் புள்ளய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்வாங்க. இனிமே இது என் பொண்ணு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள், நாம்தான் கரித்துக் கொட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஆவடிக்குத் திரும்பினேன். ஆபீஸில் எல்லாருக்கும் சொன்னேன். அன்றைக்கு நான் விளங்கிக்கொள்ளாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். பொய்யாகவேனும் ஓர் அத்தை இருந்தவரை அவள் வாடகைக்காரி. அவளைத் தேடிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் வாடகைக்காரி இல்லை.

வீட்டுக்காரம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். நம் ஜனங்களில் எங்கும் உள்ள வழக்கம்தான். மகளுக்கு வெந்நீர் வைக்க, கால் பிடித்துவிட, மருந்துக்கடைக்கு ஓட, எருமைக்குத் தண்ணீர் காட்ட, ஒரு கைக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. பெண் கம்பெனிக்குப் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேயே கிடந்தாள். குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அவள் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகளில் அந்தக் குழந்தையைத் தவிர வேறு பேச்சே இல்லை. தும்மியது, சிரித்தது, அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் ஒவ்வொரு பதிவிலும் கேட்கும்.

நடுவில் கம்பெனிக்கு மட்டம் போட்டிருக்கிறாள். கான்ட்ராக்ட் வேலையில் சொல்லாமல் சில நாள் போகாவிட்டால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஏற்றவில்லை. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொந்தக்காரர்கள் வந்தபோது படுக்க இடம் வேண்டும் என்று அவளுடைய அறையைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு என்று சாவியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுச் சமையலறை ஓரமாகப் பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் போனார்கள். அறையில் ஒரிசாப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு வந்தார்கள். அவள் பாய் சமையலறையிலேயே இருந்துவிட்டது.

நான் போனபோது மயில் திரைச்சீலைக்கு மேலே நாலு ஆண்பிள்ளைகளின் பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அவள் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. வாடி வதங்கி நின்றிருந்தால் நான் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

"உன் ரூம் எங்கட்டீ?"

"ரூம் இன்னாத்துக்கு மேடம்? தனியா படுத்தா தூக்கம் வரல. இங்க எல்லாரும் கீறாங்க."

"வேலை?"

"இங்கியே நெறைய கீதே."

"சம்பளம் தர்றாங்களா?"

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று. வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டுவிட்டது. வெளியே வந்தார்.

"இன்னாமா பேசுறீங்க? சோறு போடறேன், துணி எடுத்துத் தரேன், தல நோவுன்னா டாக்டர்கிட்ட இட்டுகினு போறேன். பெத்த பொண்ணுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா?"

எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் மாமியாரிலிருந்து ஆவடி ரேஷன் கடைக்காரர் வரை எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு என் வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெத்த பொண்ணு அதோ உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் சீரியல் பார்க்கிறாளே, அவள் ஏன் சாணி அள்ளவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக் கேட்டுச் செய்கிற மாட்டுக்கு ஆடவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். "உம்" என்று சொன்னால் போதும். பிறகு குவார்ட்டர்ஸுக்கு வந்து கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருக்கும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றியது.

அங்கே நான் அவளிடம்தான் பேசினேன். "துணிமணிய எடு. அண்ணனூருக்குப் போவோம். வேற வேலை பார்த்துக்கலாம், வேற ரூம் பார்த்துக்கலாம்."

அவள் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள். அவர் ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் அப்படிப் பேசாமல் நின்றதை நான் மன்னிக்கமாட்டேன். ஒரு வார்த்தை, போ என்றால் போயிருப்பாள். அவர் சொல்லவில்லை.

"கொழந்த என்னத் தேடும் மேடம்" என்றாள்.

ஆபீஸில் சண்டை போட்டேன். எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர்தான், என்னைவிடச் சின்னவர், நிறையப் படித்தவர். "அவ மேஜர். இஷ்டப்பட்டு இருக்கா. அடிக்கல, பூட்டி வைக்கல, வேளா வேளைக்குச் சாப்பாடு. நீங்க எதை வெச்சுப் புகார் குடுப்பீங்க?" என்றார். "சம்பளம் இல்லாம வேலை வாங்குறாங்க சார்." "அவ வீட்டு வேலை செய்யறேன்னு சொல்வாளா, எங்க வீடுன்னு சொல்வாளா?" எங்கள் கணக்கில் அவள் ஒரு குடும்பத்தோடு சேர்ந்துவிட்டாள். நன்கொடை கொடுக்கிறவர்கள் பார்க்க வந்தபோது அவர்களிடம் அவளுடைய கதையை ஒருமுறை எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் கை தட்டினார்கள். நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் நான் மாதம் ஒருமுறையாவது போய்த் தலையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். என்னால் முடிந்தது அதுதான். என்னைக் கண்டால் வீட்டுக்காரம்மா முகம் கொஞ்சம் சுருங்கும், பிறகு மோர் வரும். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் நாலு காசு வேண்டாமா, நாளைக்கு இவர்கள் மகன் கல்யாணம் பண்ணி மருமகள் வந்து உன்னைப் போ என்றால் எங்கே போவாய் என்று கேட்பேன். அவள் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்ப்பாள், புத்தி கெட்டவளைப் பார்ப்பது போல. "போன்னு சொல்லமாட்டாங்க அத்தை" என்பாள். அண்ணனூரில் வந்த நாளிலிருந்து என்னை மேடம் என்றவள், அந்த வீட்டில் எல்லாருக்கும் முறை வைத்துக் கூப்பிடப் பழகி, என்னையும் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். நான் பொய்க்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதைக் கேட்க எனக்கு நன்றாகவும் இருந்தது, கசக்கவும் செய்தது.

குழந்தைக்குக் காது குத்துகிறார்கள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாலும், அவள் வேலைக்குப் போவதால் குழந்தை பெரும்பாலும் நசரத்பேட்டையில்தான் வளர்ந்தது. யார் வளர்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பந்தல், தெரு முழுக்க பிளக்ஸ். பிளக்ஸில் பெரியப்பா மகன்களின் பிள்ளைகள் வரை படம் இருந்தது. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். அவள் இல்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஊசியைக் குத்தியதும் குழந்தை வீறிட்டு, தாய்மாமனை உதைத்து, பெற்றவள் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, கூட்டத்தில் முகம் முகமாகத் தேடியது. பின்பக்கம் அண்டா கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு வந்தார்கள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அழுகை நின்றது. பெற்றவள் முகம் கறுத்துவிட்டது. "தூங்க வெச்சிட்டு சீக்கிரம் பின்னாடி போ, எல வாரணும்" என்றாள்.

பந்தியில் நான் சாப்பிட்டு எழுந்ததும் வீட்டுக்காரம்மா ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு வந்தார். திருமழிசையில் இருக்கிற தங்கச்சி என்றார். நல்ல பட்டுப் புடவை, நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா உங்களப் பத்தி ரொம்ப சொல்லிக்கீறாங்க. எங்க ஊட்டுக்கும் இந்த மாரி ஒரு பொண்ணு இருந்தா சொல்லுங்கமா. யாரும் இல்லாத பொண்ணா இருந்தா நல்லது. நாங்க நல்லா பாத்துக்குவோம்."

எப்போது வந்து நின்றாளோ, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, நம்ம ஹோம்ல சின்னவ ஒருத்தி இல்ல, தெத்துப்பல்லு? அவளுக்குப் பதினெட்டு ஆயிடிச்சாம். ரூம் கெடைக்காம அண்ணனூர்லயே கீறாளாமே. அவள இட்டுகினு வாங்க அத்தை." குழந்தை எழுந்துவிடாமல் மெதுவாகத்தான் பேசினாள். கண்ணெல்லாம் மின்னியது. நல்ல வீடு கிடைத்தால் எங்கள் பெண்களில் ஒருத்திக்குப் போன் போட்டுச் சொல்லும்போது என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

"இல்லம்மா. அவளுக்கு வேற பாத்திருக்கேன்" என்றேன் அந்தத் தங்கச்சியிடம். என் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அந்த அம்மாள் கையை விட்டுவிட்டார். வீட்டுக்காரம்மா வேறு பக்கம் பார்த்தார்.

அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனூரில் நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், ஒருநாளும் அவள் முகம் அப்படிக் கோணியதில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏன் அத்தை, எனக்கு ஒரு குடும்பம் கெடச்சது உங்களுக்குப் பொறுக்கல. அவளுக்கும் கெடைக்கக் கூடாதா?"